இருபத்து மூன்று துணித் துண்டுகள்

ஜூன் 7, சனி

இன்று சொல்லாதது: இருபதாவது நிப்பிள் கிரீஸ் எடுக்கவில்லை.

சொல்ல இடம் இருந்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, மாவுக்கட்டு போட்ட வலது கையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "துணி சரியா போச்சா?" என்றான். "போச்சு" என்றேன். அவன் கேட்டது துணியைப் பற்றி. நான் சொன்னதும் துணியைப் பற்றி. இதில் பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று சாயங்காலம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

துணிக் கணக்கு அண்ணனுடைய ஏற்பாடு. வண்டியின் அடிப்பாகத்தில் கிரீஸ் ஏற்ற வேண்டிய இடங்கள் இருபத்து மூன்று. ஒவ்வோர் இடத்திலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு நிப்பிள். கிரீஸ் கன்னின் வாயை அதில் மாட்டிக் கைப்பிடியை அடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழைய கிரீஸ் கறுப்பாக ஓரத்தில் பிதுங்கும். அதன் பின்னாலேயே புதுசு தேன் நிறத்தில் எட்டிப் பார்க்கும். அப்போது நிறுத்தி, ஒரு துணித் துண்டால் துடைத்து, துணியை வாளியில் போட்டுவிட வேண்டும். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, எண்ணி இருபத்து மூன்று துண்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். டப்பா காலியானால் வேலை முடிந்தது. ஒன்று மிஞ்சினால் எங்கோ ஓர் இடத்தை விட்டுவிட்டோம். காலி டப்பாவைக் கொட்டகைப் பலகையின் மேல் கவிழ்த்து வைப்போம். அண்ணி வண்டி எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பாள். வேறு எதுவும் கேட்கமாட்டாள்.

இருபதாவது, ஸ்டீயரிங்கில் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள ராடின் முன்முனை. அதில் கைப்பிடி கல்லாக இறுகிவிட்டது. பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். கிரீஸ் உள்ளே போகாமல் கன்னின் வாயோரமாகப் பீய்ச்சி என் மணிக்கட்டில் வழிந்தது. மூன்று தடவை. கறுப்பும் வரவில்லை, தேன் நிறமும் வரவில்லை. நிப்பிளைச் சுற்றிக் குவிந்திருந்ததைத் துடைத்தேன். துடைத்த துணியை வாளியில் போட்டேன். கடைசியில் டப்பா காலியாகத்தான் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? காலையில் நடந்ததை எழுதினால்தான் விளங்கும். மூன்று வாரம் முன்பு, பேட்டரி இறங்கிய ஒரு நாள், வண்டியைக் கிளப்பச் சுற்றிய கிராங்க் கம்பி எதிர்த்து அடித்து அண்ணனின் மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து ஓட்டுவது அண்ணி, கிரீஸ் போடுவது நான். முதல் இரண்டு சனிக்கிழமை ஒழுங்காகவே போனது. ஆனாலும் இன்று நான் குப்புறப் படுத்து அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி தலைக்கு மேல் நின்று சொன்னாள்: "பண்டிதரே, இது படிக்கிற வேலை இல்ல, படுக்கிற வேலை. கண்ணுல மண்ணு விழும். முடியலைன்னா இப்பவே சொல்லிடு. நானே பாத்துக்கறேன்." அச்சகத்தில் மெய்ப்புப் படிப்பவள் என்பதால் அவளுக்கு நான் பண்டிதர்.

"முடியும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை இப்போது நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. நாளைக்குச் சொல்லலாம்.

ஜூன் 9, திங்கள்

அச்சகத்தில் இன்று ஒரு மருந்தகக் கையேட்டின் மெய்ப்பு. எண்பது பக்கம். படித்து முடித்த பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. ஆறு வருடமாகச் செய்கிறேன். படிக்காத பக்கத்தில் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. உண்டா? இருந்தது.

மதியம் போல்ட்டுக் கடைக்குப் போய் ஒரு நிப்பிள் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணா? அடைச்சுக்கிச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. சும்மா, கைவசம் இருக்கட்டும்னு."

"நிப்பிளைக் கைவசம் வெச்சுக்கற மொத ஆளு நீதாம்மா. அண்ணன் கையி எப்படி இருக்கு?"

கை தேவலை என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டால் சனிக்கிழமை நடந்தது நடக்காததாகிவிடும் என்பது என் திட்டம். வீட்டுக்கு வந்தால் கொட்டகை காலி. அண்ணி டீசல் போடப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் இறங்கும்போதே அண்ணனிடம் சொன்னாள்: "ஏங்க, மாமனார் இன்னிக்கு முறைச்சுக்கிட்டிருக்கார். கழுத்தைத் திருப்பவே மாட்டேங்கறார்."

மாமனார் என்றால் ஜீப். அது எங்கள் அப்பாவுடையது. அவர் போய் இரண்டு வருடம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள் அண்ணி. "நேர்ல பாக்கக் கொடுத்து வைக்கல, இவரையாவது மாமனாரா வெச்சுக்கறேன். இருமறார், புகை விடறார், சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்கறார், எல்லாம் பொருத்தமாத்தான் இருக்கு" என்பாள். நாங்கள் சிரிப்போம். இன்று அண்ணன் மட்டும் சிரித்தான்.

"கிரீஸ் போட்டா மறுநாள் கை பூப்போல இருக்கும். இந்தத் தடவ அப்படி இல்ல" என்றாள்.

அண்ணன் பலகையைப் பார்த்தான். டப்பா கவிழ்ந்து இருந்தது. "துணி எண்ணியாச்சு. ஸ்டீயரிங் பக்கம் ஒண்ணும் இருக்காது. காத்து கம்மியா இருக்கும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் அடிச்சு விடு."

அடித்தேன். கால் பம்பை எடுத்து நான்கு டயருக்கும் அடித்தேன். எந்த டயரிலும் காற்று குறையவில்லை என்று தெரிந்தே அடித்தேன்.

என் துணி அண்ணனைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டது. அவன் மூளைக்காரன். அந்த டப்பா மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் முதலில் அந்த ராடைத்தான் பார்த்திருப்பான்.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் மலை நாள். நர்ஸம்மாவையும் தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அண்ணி மேலே உள்ள மலைக் கிராமங்களுக்குப் போவாள். முதலில் ஆறு, பாலம் கிடையாது, கல் பாவிய துறை. அதற்கப்புறம் பதினோரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. அந்த வழியில் போகக்கூடிய வண்டி எங்களுடையது ஒன்றுதான்.

காலையில் அவள் கிளம்பும்போது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரை. சொல்லாமல் இருக்க நல்ல காரணம்.

அச்சகத்தில் ஒரே வரியை ஐந்து தடவை படித்தேன். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்."

அச்சகத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன்; நாலு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். நர்ஸம்மா இறங்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மேல ஏறுற வரைக்கும் கடவுளைக் கூப்பிட்டேன். இறங்கறப்போ அவரை நம்பாம உங்க மாமனாரையே கூப்பிட்டேன்."

அண்ணியும் சிரித்தாள். ஆனால் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே தண்ணீர் கோத்த கொப்புளம். "காத்தும் அடிச்சாச்சு. திருப்பின சக்கரம் தானா நேரா வரவே மாட்டேங்குது. ஒவ்வொரு வளைவுலயும் இழுத்துக்கிட்டு வர வேண்டியிருக்கு."

அந்தக் கொப்புளத்துக்கு நான்தான் மருந்து தடவினேன். அவள் கை என் கையில் இருந்தது. அப்போதாவது... இல்லை. தடவி முடித்து மூடியைத் திருகி வைத்தேன்.

ஜூன் 11, புதன்

அண்ணனும் அண்ணியும் மாவுக்கட்டைக் காட்டிவர பஸ்ஸில் போனார்கள். நான் அரை நாள் விடுப்பு.

பழைய நிப்பிளைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கன்னை வைத்து அடித்தேன். அதே கல். அதே மணிக்கட்டில் அதே வழிசல். அடைப்பு நிப்பிளில் இல்லை; உள்ளே.

கன்னைக் கீழே போட்டுவிட்டு, ஏனென்று தெரியாமல், ராடை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் உலுக்கினேன். டக். மறுபடி உலுக்கினேன். டக். அந்த முனைக்குள் ஒரு இரும்புப் பந்து இருக்கிறது. இரண்டு கிண்ணங்கள் அதை இருபுறமும் கவ்விப் பிடித்திருக்கின்றன. கவ்விப் பிடித்திருக்க வேண்டும். பந்து உள்ளே ஆடுகிறது. பந்து வெளியே வந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் சுற்றும், சக்கரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும். இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

மண் கண்ணில் விழுந்தது. அண்ணி சொன்ன மாதிரியே. வெகு நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

சனிக்கிழமையே சொல்லியிருந்தால் அது ஓர் அடைபட்ட நிப்பிள். திங்கட்கிழமை சொல்லியிருந்தால் ஒரு மறதி. இன்று சொன்னால் அது நான்.

அவர்கள் வந்தார்கள். சாப்பிட்டோம். உப்பு கம்மி என்று அண்ணன் சொன்னான். நான் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

முடிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் செப்பனிட்டேன். "அண்ணி, ஒரு விஷயம், கோபப்படாமக் கேளுங்க." பிறகு "கோபப்படாம"-வை அடித்தேன். கோபப்படட்டும்.

கூடத்தில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது. மலையிலேயே வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இறக்கியாக வேண்டும். மழை இப்படியே போனால் சனிக்கிழமை ஆறு யாரையும் விடாது. "நாளைக்கு விட்டா நாள் இல்ல" என்றாள்.

நான் தூணோரமாக நின்று, "வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"வண்டிக்கு என்ன?" என்றாள் அண்ணி. நர்ஸம்மாவிடம் திரும்பிக்கொண்டு, "கொஞ்சம் முறைக்கறார், அவ்வளவுதான். துணியை எண்ணி எண்ணிக் கிரீஸ் போடறவ வீட்ல இருக்கா. மாமனாருக்கு என்ன குறை?"

ஏழு வருடத்தில் அண்ணி என்னைப் பற்றி வெளியாள் முன்னால் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான ஜென்மம் நான்.

ஜூன் 13, வெள்ளி

வந்துவிட்டோம். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 14, சனி

நேற்று விடிந்தும் விடியாத நேரம். நர்ஸம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கம் ஒரு மெத்தை விரித்தாயிற்று. அண்ணி சாவியைத் திருப்பினாள், இன்ஜின் பிடித்தது. பலகையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டப்பா. அவள் கியர் போட்டாள்.

"அண்ணி, எடுக்காதீங்க."

"என்ன?"

"இருபதாவது எடுக்கல."

"எது எடுக்கல?"

"கிரீஸ். சனிக்கிழமையே எடுக்கல. தொடச்சு மட்டும் வெச்சேன்."

செப்பனிட்ட வாக்கியம் எதுவும் வரவில்லை. அண்ணி இன்ஜினை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, ஈரத் தரையில் அப்படியே மல்லாந்து அடியில் போனாள். "ஸ்டீயரிங்கை ஆட்டு" என்று குரல் மட்டும் வந்தது. ஆட்டினேன். டக். "இன்னும்." டக்.

வெளியே வந்தாள். முதுகெல்லாம் சேறு.

"செவ்வாக்கிழம நான் இதுல போனேன். நர்ஸம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"காத்து அடிச்சியே." அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது. "நாலு டயருக்கும் நின்னு காத்து அடிச்சியேடி!"

டி போட்டு அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. நர்ஸம்மா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்தான். கேட்டான். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆறு நாளு" என்றான். விரல் விட்டு எண்ணுபவன் மாதிரி மறுபடி, "ஆறு நாளு." பிறகு, "போய் ஸ்பானர் பெட்டியை எடுத்துட்டு வா."

அதன் பிறகு பேச்சு எல்லாம் வேலையைப் பற்றித்தான். அண்ணன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சொன்னான். நான் அடியில் படுத்துச் செய்தேன். அண்ணி எடுத்துக் கொடுத்தாள். எனக்கு நேராக நீட்டாமல், என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். முனையின் மூடியைப் பூட்டியிருந்த பின்னை உருவி, மூடியைத் திருகி எடுத்ததும் உள்ளே இருந்ததைப் பார்த்தேன். கிரீஸ் ஒரு பொட்டு இல்லை. ஆற்றுச் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. நடுவில் செங்கல் பொடி மாதிரித் துரு. கிண்ணங்கள் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து உதடு காகிதமாகியிருந்தது.

அண்ணி போல்ட்டுக் கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கடையைத் திறக்க வைத்தாள். புதுக் கிண்ணம் கிடைத்தது, ஸ்பிரிங் கிடைத்தது. பந்து கிடைக்கவில்லை, அது ஊருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். சரியான அளவில் பின்னும் இல்லை, ஒரு நூல் மெலிசாகத்தான் இருந்தது. நானே எல்லாவற்றையும் கழுவி, விரலாலேயே கிரீஸை அப்பி, மூடியை இறுக்கினேன். கன்னை மாட்டி அடித்தேன். எடுத்தது. தேன் நிறத்தில் ஒரு வளையம் மெதுவாக வந்து நின்றது. துடைக்கக் கை போனது. துடைக்கவில்லை. அண்ணன் குனிந்து பார்த்த பிறகுதான் துடைத்தேன்.

மணி எட்டே கால்.

"போக வேணாம்" என்றான் அண்ணன். "பந்து தேஞ்சிருக்கு. கிண்ணம் கவ்வுது, ஆனா பின்னு மெலிசு. பின்னு போச்சுன்னா மூடி கழலும், மூடி கழண்டா..."

"வேற வண்டி இருக்கா?" என்றாள் அண்ணி.

நர்ஸம்மாதான் சொன்னாள்: "நான் நடந்துகூடப் போயிடுவேன். அவளை நடத்திக் கூட்டிட்டு வர முடியாது."

அண்ணி அண்ணனிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை: "இவளும் வரட்டும். நிக்கிற எடத்துலல்லாம் அடியில போய்ப் பாக்கட்டும்."

அப்படியே செய்தோம். ஆற்றுக்கு முன்னால் ஒரு தடவை. ஆறு தாண்டி ஒரு தடவை. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு இருந்தது, இரண்டு மணி நேரம் முந்திப் போயிருந்தால் இவ்வளவு இருந்திருக்காது. அந்த இரண்டு மணி நேரம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஏழாவது வளைவில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் படுத்து, பின்னை விரலால் தொட்டு, மூடியைத் தொட்டு, எழுந்து "இருக்கு" என்பேன். அண்ணி கிளப்புவாள்.

மேலே அந்தப் பெண்ணை மெத்தையில் படுக்க வைத்தோம். என்னைவிடச் சின்னவள். வலி வரவில்லை, பயம் மட்டும்தான் என்று அவளே சொன்னாள். "இந்த வண்டி நல்ல வண்டியா அக்கா?" என்று என்னைக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நர்ஸம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது கடைசி மூன்று வளைவுக்கு மேலே, கொஞ்சம் சமமான இடத்தில் நிறுத்தினோம். படுத்தேன். தொட்டேன். பின்னின் ஒரு கால் இல்லை. மூடியில் காலையில் நான் சாக்குக் கட்டியால் போட்ட கோடு முக்கால் சுற்று தள்ளி நின்றது.

அரை நொடி. அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்த அரை நொடி இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அண்ணி, பின்னு உடைஞ்சிருக்கு. மூடி முக்கால் சுத்துக் கழண்டிருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"தொட்டுப் பாத்தேன்."

அவள் இறங்கி வந்து பார்க்கவில்லை. "என்ன வேணும், சொல்லு" என்றாள்.

மூடியைப் பழையபடி இறுக்கினேன். பின்னுக்குப் பதில் போட ஒன்றும் இல்லை. நர்ஸம்மா யோசிக்காமல் தடுப்பூசிப் பெட்டியின் கைப்பிடிக் கம்பியை இழுத்துப் பிடுங்கிக் கொடுத்தாள். அதை ஓட்டை வழியாக இரண்டு தடவை கோத்து முறுக்கினேன். அங்கிருந்து மூன்று வளைவும் நடை வேகம். நான் ஏறவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த முனையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். "இருக்கு... இருக்கு... இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தேனாம். நர்ஸம்மா சொன்னாள். எனக்குத் தெரியாது.

ஆற்றில் தண்ணீர் ஏறித்தான் இருந்தது. ஒரு இடத்தில் வண்டி லேசாக மிதந்த மாதிரி இருந்தது. பிறகு சக்கரம் கல்லைப் பிடித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே கொண்டுபோன பிறகு, அண்ணி ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். நான் பக்கத்து சீட்டில். இரண்டு பேரும் சேறு. தொடலாமா என்று யோசித்தேன். தொடவில்லை.

ஜூன் 16, திங்கள்

அறுவை செய்து எடுத்தார்களாம். பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் நலம்.

ஜூன் 19, வியாழன்

அண்ணி தட்டு வைக்கிறாள், எடுக்கிறாள். "கதவைச் சாத்து", "தண்ணி நிக்குது பார்" - தேவைக்கு மட்டும். பண்டிதர் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்தக் கிண்டல் என்னைக் குத்துகிறது என்று இத்தனை வருடம் இந்த நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்? புரட்டிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பாத்திரம் துலக்கும்போது சொன்னேன். "மன்னிச்சிடுங்க அண்ணி."

"வழுக்கும். பாத்து வை" என்றாள். என் கையில் இருந்த பாத்திரத்தைச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் கொட்டகைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்தத் துணிக் கணக்கு நான் தனியா இருந்தப்போ எனக்குன்னு போட்டது" என்றான். "எடத்தை விட்டுடக் கூடாதுன்னு போட்டது. உள்ள போச்சா இல்லையான்னு அது சொல்லாது. எனக்கே தோணல."

எனக்குத் தோன்றியிருந்தது, அண்ணா. துடைத்த அந்த நொடியிலேயே தோன்றியிருந்தது. அதனால் உன் கணக்கின் மேல் இதை ஏற்றிவிட்டு என்னால் தூங்க முடியாது. இதையும் அவனிடம் சொன்னேன். எழுத்தில் வைக்காமல், வாயால்.

அவன் தலையை ஆட்டினான். "சரி" என்றான்.

ஜூன் 28, சனி

புது ராட் முனை வந்தது. அண்ணனுக்கு மாவுக்கட்டு பிரித்து மூன்று நாள் ஆகிறது. கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்து, மெலிந்து, பலமில்லாமல் இருக்கிறது. பழைய முனையில் நான் முறுக்கிய கம்பியை வெட்டினோம். மூடியை எடுத்தோம். பந்தை வெளியே எடுக்க அண்ணன் சுத்தியலைத் தேடினான். தேவைப்படவில்லை. இடது கை இரண்டு விரலால் இழுத்தான், வந்துவிட்டது.

அண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம்.

ஜூலை 5, சனி

கிரீஸ் நாள். புது விரிப்பு ஒன்றைக் கிழித்து இருபத்து மூன்று எண்ணி டப்பாவில் போட்டு, கன்னை நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி கொட்டகைக்கு வந்தாள். என் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ அடி. நான் தொடைக்கறேன்."

அப்படி ஒன்றும் நாங்கள் பேசி வைக்கவில்லை. அவளே யோசித்திருக்க வேண்டும். நான் அடிக்க, கறுப்பு வந்து, தேன் நிறம் வந்த பிறகு அவள் குனிந்து பார்த்துத் துடைப்பாள். பாதியில் அவளும் என் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டாள். குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறதாம். இரண்டு பேரும் அப்பாவின் வண்டிக்கு அடியில், தோளோடு தோள்.

இருபதாவது. புது நிப்பிள். நான்கு அடி அடித்தேன். பிதுங்கியது. நான் கன்னை எடுத்தேன். அண்ணி துடைக்கவில்லை.

"வந்துடுச்சு அண்ணி."

"இந்தப் பக்கம் வந்துச்சு. அந்தப் பக்கம் வரல."

மறுபடி மாட்டி மூன்று அடி. சுற்றிலும் வளையம் முழுசாக வந்து நின்றது. அவள் விரல் நுனியால் தொட்டு நிறத்தைப் பார்த்தாள். பிறகுதான் துணியை எடுத்தாள்.

இருபத்து மூன்று முடிந்ததும் டப்பாவை அவளே பலகையில் கவிழ்த்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆறு வடிந்துவிட்டது. வண்டி காலையில் மேலே போனது, நாலு மணிக்குத் திரும்பியது. "கை லேசா இருந்துச்சு, பண்டிதரே" என்றாள் அண்ணி.